ஊஸ்டர் வழியாகச் சொல்லி அனுப்பியது

ஊஸ்டர்
12.02.2012

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவின் சீனி மட்டும் சொல்வழி கேட்பதில்லை. அம்மாவின் முழங்கால் குளிருக்குப் புறுபுறுக்கிறது. "அவன் அந்த வெய்யிலுக்கை காய்ஞ்சு போனானோ எண்டு கேள்" என்று பக்கத்தில் நின்று சொல்கிறார். கேட்டுவிட்டேன்.

உங்கள் கிளினிக் தொலைபேசியில் இரண்டு வசனம் பேசுவதற்குள் அறுந்து விடுகிறது. கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லாத ஊர். அதனால்தான் கடிதம். ஆறாம் வகுப்போடு நான் விட்ட தமிழ் இது. பிழை இருந்தால் அம்மாவைத் திட்டுங்கள், அவர்தான் பார்த்துத் திருத்துகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சுவிஸில், எங்கள் ஆஸ்பத்திரியில் தமிழருக்கான நீரிழிவுத் திட்டம் மூன்று வருடமாக நடக்கிறது. நான் அதில் தாதி. தலைமை ஃபிராவ் எக்லி என்ற சுவிஸ்காரி. அவர் கெட்ட மனுசி என்று எழுத முடிந்தால் எனக்கு வேலை இலகு. நல்ல மனுசி. பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொண்டு வருவார். ஆனால் தமிழரைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் ஒரு தமிழர் இல்லை என்பது அவர் கண்ணில் படுவதேயில்லை.

போன மாதம் இன்டர்லாக்கனில் வகுப்பு வைத்தோம். அங்கே ஹோட்டல் குசினிகளில் சமையல் வேலைக்கு நிற்கும் எங்கடை ஆக்களுக்கு. எக்லி குறித்த நேரம் மாலை ஏழு மணி. ஏழு மணிக்கு ஹோட்டல் குசினியில் என்ன நடக்கும் என்று அந்த ஹோட்டல் பூனைக்கும் தெரியும். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது, மற்றவருக்கு வேலை போயிருந்தது.

மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் குசினிக்காரருக்கு ஒரு இடைவேளை விடுவார்கள். சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர். அந்த நேரத்தில் வைப்போம் என்றேன். "பாவம், அது அவர்கள் ஓய்வெடுக்கும் நேரமல்லவா" என்றார் எக்லி. அறிக்கையில் எழுதியது: தமிழர்களுக்குத் தங்கள் உடல்நலத்தில் அக்கறை குறைவு.

இந்த வருட முடிவில் எக்லி ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நான் விண்ணப்பிக்கப் போகிறேன். நீங்கள் இருப்பது அவுஸ்திரேலியப் பூர்வகுடி மக்களே நடத்தும் சுகாதார நிலையம். ஒரு சனம் தன் கிளினிக்கைத் தானே நடத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதுங்கள். நேர்முகத்தில் சொல்ல ஆதாரம் வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் பார்த்திருக்கும்,
தங்கை சரணியா

*

08.03.2012

அன்புத் தங்கச்சி சரணியாவுக்கு,

அண்ணா எழுதுவது. நான் நல்ல சுகம். காய்ந்துதான் போனேன், ஆனால் கருகவில்லை என்று அம்மாவிடம் சொல். அப்பா மத்தியானத்தில் சோற்றைக் குறைக்கிறாரா?

இங்கே தபால் விமானம் கிழமைக்கு இரண்டு தரம் வரும். மழையில் ஓடுபாதை சேறானால் அதுவும் இல்லை. உன் கடிதம் வர மூன்று கிழமை எடுத்தது.

நீ கேட்டது: இந்தக் கிளினிக்கை இவர்கள் முப்பது வருடத்துக்கு முன் ஒரு தகரக் கொட்டகையில் தாங்களாகவே தொடங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தங்களை வாசலில் காக்க வைப்பது பொறுக்காமல். இன்றைக்கும் ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நிர்வாக சபையைத் தெரிவு செய்கின்றன. டாக்டர்மாரையும் என்னையும் வேலைக்கு வைத்திருப்பது அந்தச் சபைதான். நான் பொது முகாமையாளர். எனக்கு அடுத்த நிலையில் நோலீன் என்று இந்த ஊர்ப் பெண். சுகாதாரப் பணியாளராக இருபது வருட அனுபவம். எந்த வீட்டில் யாருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, யார் மருந்தை நாய்க்குப் போடுகிறார் என்பதெல்லாம் தெரியும்.

ஒரு சந்தோஷச் செய்தி. டிசம்பர் விருந்தில் நான் பேசும்போது "நோலீன் எனக்குத் தங்கச்சி" என்றேன். நாங்கள் மேடையில் எல்லாரையும் அண்ணை, தங்கச்சி என்பதுதானே. சபையின் தலைவர், எப்போதும் சிவப்புத் தொப்பி போடுபவர், எழும்பி என் கையைப் பிடித்தார். "சரி, இனி நீ அவளுக்கு அண்ணன்" என்று ஊர் முன்னால் சொல்லித் தங்கள் உறவுமுறைக்குள் என்னைச் சேர்த்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நாடு விட்டு நாடு வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அதற்குப் பிறகு நோலீன் ஒதுங்கிவிட்டார். கூட்டத்தில் என் முகம் பார்ப்பதில்லை. நான் ஏதாவது கேட்டால் சாரதி டெரிக்கின் பக்கம் திரும்பி அவனுக்குச் சொல்வது போலப் பதில் சொல்கிறார். என்ன கோபமோ தெரியவில்லை.

உன் விண்ணப்பத்தில் ஆத்திரத்தைக் காட்டாதே. பொறுமையாய் இரு.

அன்புடன்,
அண்ணா பானுஜன்

*

ஊஸ்டர்
15.04.2012

அன்புள்ள அண்ணா,

நேற்று வருடப்பிறப்பு. அம்மா உங்கள் பெயருக்கும் ஒரு இலை போட்டார். பிறகு அந்த இலையை அப்பா தனக்கென்று எடுத்துக்கொண்டார், பாயாசத்தோடு. இன்று காலை அவர் சீனி அளவை நான் எழுதினால் உங்களுக்கும் மயக்கம் வரும். மற்றப்படி சுகம்.

பொறுமையாய் இரு என்று எழுதியிருந்தீர்கள். இருந்து பார்த்தேன். பலன் கீழே.

எக்லியின் வகுப்புக்குச் சனம் வரவில்லை, என் வகுப்புக்கு வரும் என்று காட்ட நினைத்தேன். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தைக் கேட்டேன். கோயில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா உடனே சம்மதித்தார். சம்மதித்ததோடு நில்லாமல் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, "நீரிழிவு உள்ள அடியார்கள் அனைவரும் இப்போது மண்டபத்துக்கு எழுந்தருளவும்" என்று அறிவித்தார்.

யார் எழும்புவான், சொல்லுங்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் தகப்பன், எதிரே சம்பந்தி வீடு இருக்க, எனக்குச் சீனி என்று எழும்பிக் காட்டுவானா? எங்கள் அப்பாவே தூணுக்குப் பின்னால் போய் நின்றார். மண்டபத்தில் நானும் இரத்தம் சோதிக்கும் கருவியும் இருந்தோம். ஒரு குழந்தை வந்து பலூன் கிடைக்குமா என்று கேட்டது.

அடுத்த கிழமை இன்டர்லாக்கனில் இருந்து தவச்செல்வன் அண்ணை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தார். பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் பதினைந்து வருடம் நிற்பவர். இன்சுலின் தொடங்க வேண்டும். நான்தான் எடுத்தேன். என் குரல் கேட்டதும், "எக்லி அம்மா நிக்கிறாவோ?" என்றார்.

"நான் தமிழிலையே விளங்கப்படுத்துவன் அண்ணை."

"குறை நினையாதையுங்கோ தங்கச்சி. உங்கடை அம்மாவும் என்ரை மனுசியும் ஒரே சீட்டுக் கட்டுறவை. அந்த வெள்ளைக்காரிக்கு என்ரை சொந்தத்திலை ஒருத்தரையும் தெரியாது."

எக்லிக்கு ஃபோனைக் கொடுத்தேன். அவர் தனது உடைந்த ஆங்கிலத்தில், தவச்செல்வன் அண்ணை தனது உடைந்த ஜெர்மனில், இன்சுலினைப் பற்றிப் பேசினார்கள். பாதி விளங்கியிருக்காது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததுதான்.

பிறகு எக்லி என் தோளில் கை வைத்து, "பார்த்தாயா சரணியா, நீ இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை" என்றார். கேக் கொடுக்கும் அதே குரலில்.

எங்கடை சனத்திலும் எனக்குக் கோபம். ஆனால் அவர்கள் பயம் பொய்யில்லை. கதை பரவத்தானே செய்கிறது. நான் யோசிக்க வேண்டியது அது. இந்தக் கடிதத்திலிருந்து அம்மாவிடம் திருத்தக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒரு கேள்வி. கிளினிக் அவர்களுடையது. சபை அவர்களுடையது. நோலீனுக்கு இருபது வருட அனுபவம். அப்படியானால் ஏன் நோலீன் தலைமையில் இல்லை?

பதிலோடு உங்கள் சுகத்தையும் எழுதுங்கள்,
சரணியா

*

20.06.2012

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாயிருக்கிறேன். வேலை கூட, அதனால் பதில் பிந்திவிட்டது. இப்போது இங்கே குளிர்காலம். நீ சிரிப்பாய், போர்வை இல்லாமல் படுக்கும் குளிர்காலம்.

தவச்செல்வன் என்பவரின் விஷயத்தில் மனம் நோகாதே. சொந்தச் சனம் சொந்தச் சனத்தை நம்பாது. எங்கும் அப்படித்தான்.

நோலீன் கெட்டிக்காரி. சந்தேகமில்லை. ஆனால் தலைமை என்றால் கூட்டத்தில் முகம் பார்த்துப் பேசத் தெரிய வேண்டும். இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. கொஞ்சக்காலம் பழகட்டும்.

அம்மாவின் வறுத்த மிளகாய்த்தூள் ஒரு பைக்கற் அனுப்ப முடியுமா? தபால் எல்லாம் கிளினிக்குக்குத்தான் வரும். அந்த விலாசமே போதும்.

அப்பாவை நடக்கச் சொல்.

அண்ணா

*

ஊஸ்டர்
08.07.2012

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பா நடக்கிறார், பேக்கரி வரைக்கும்.

மிளகாய்த்தூள் தனிப் பெட்டியில் வருகிறது. அம்மா பல்கனியில் வைத்து வறுத்ததில் மேல்வீட்டுக்காரர் இருமி இருமிக் கீழே வந்து, தீப்பிடித்ததா என்று கேட்டார். பெட்டியின் மேல் அனுப்புநர் விலாசத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். வராவிட்டால் இங்கே திரும்பும்.

இனி, எக்லி எனக்குச் சொன்னது: "நீ இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை." நீங்கள் நோலீனைப் பற்றி எழுதியது: "இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை." உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ட்ராமில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

அண்ணா, அந்த இடம் எங்கே இருக்கிறது? அங்கே வந்தாயிற்றா என்று பார்ப்பது யார்? எப்போதும் ஏற்கனவே கதிரையில் இருப்பவர்தானே?

எக்லியைப் பற்றி நான் உங்களுக்கு எழுதியதையெல்லாம் நோலீன் தன் அண்ணனுக்கு எங்கோ எழுதிக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. பெயரை மாற்றினால் போதும்.

சபை அவரை வேண்டாம் என்றதா, நீங்கள் வேண்டாம் என்றீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அவர் பேசாமல் போனது டிசம்பர் விருந்துக்குப் பிறகு என்றால், ஏனென்று அங்கே ஒரு ஆளிடமாவது கேட்டீர்களா?

கோபத்தில்தான் எழுதுகிறேன். பாசத்திலும்தான்.

சரணியா

*

ஊஸ்டர்
23.09.2012

அண்ணா,

இரண்டரை மாதமாகக் கடிதம் இல்லை. சுகமா? அம்மா கிளினிக்குக்கு ஃபோன் எடுத்தபோது யாரோ ஒரு பெண் "ஹீ இஸ் ஓகே" என்று சொல்லி வைத்துவிட்டாராம். ஓகே என்றால் அண்ணா சாப்பிடுகிறாரா இல்லையா என்று அம்மா என்னைக் கேட்கிறார்.

என் மதிப்பீடு வந்தது. வேலைத்திறன்: மிக நன்று. மொழி: மிக நன்று. தலைமைக்குத் தகுதி: சமூகத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறார், தேவையான இடைவெளி இல்லை. தமிழருக்காக நடத்தும் திட்டத்தில் ஒரு தமிழச்சியின் குறை, தமிழருக்கு நெருக்கமாக இருப்பது. நவம்பரில் நேர்முகம். போவேன்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதினேன். எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் நீங்கள் பேசாமல் இருப்பது அதைவிடக் கடுமை.

ஒரு வரியாவது எழுதுங்கள்,
சரணியா

*

14.10.2012

அன்புத் தங்கச்சி,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். தூள் வந்தது. பாதியை நோலீன் வீட்டுக்குக் கொடுத்தேன், டெரிக் மூலம்.

உன் கேள்விக்குப் பதில்: சபை அவரைக் கேட்டது. நான்தான் வேண்டாம் என்றேன்.

ஜனவரியிலேயே சபை சொன்னது, இனி எங்கள் ஆள் தலைமையில் இருக்கட்டும், நீ கணக்குப் பகுதியைப் பார் என்று. அவர்கள் என்னைத் துரத்தவில்லை. ஆனால் என் விசா இந்தப் பதவிக்குக் கொடுத்த விசா. பதவி மாறினால் புதிய தலைமை புதிதாக விண்ணப்பித்து எனக்காகக் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நிரந்தர வதிவிடத்துக்கு இன்னும் ஒரு வருடம் இதே கதிரையில் இருந்தால் போதும். அந்த ஒரு வருடத்துக்காக, நோலீன் இன்னும் ஆயத்தமில்லை என்று சபைக்கு அறிக்கை எழுதினேன். காரணம் காட்ட வேண்டுமே. கூட்டங்களில் முகம் பார்த்துப் பேசுவதில்லை, முகாமையாளருடன் நேரடித் தொடர்பு இல்லை என்று எழுதினேன். உன் முதல் கடிதம் வந்த கிழமைதான் எழுதினேன்.

பேப்பர் விஷயத்தில் நான் எப்படிப் பயப்படுவேன் என்று உனக்குத் தெரியும். 96இல் அப்பாவுக்கு சுவிஸ் பெர்மிட் கிடைத்து உங்களைக் கூப்பிட்டபோது, எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று என் பெயரை மட்டும் வெட்டினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினாய். அன்றிலிருந்து எந்தக் கதிரையில் இருந்தாலும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது நியாயம் இல்லை. காரணம் மட்டும்தான்.

போன மாதக் கூட்டத்தில் சிறுநீரகச் சிகிச்சை அறையைப் பற்றி நோலீனிடம் கேட்டேன். வழமை போல டெரிக்கைப் பார்த்துப் பதில் சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன், சத்தமாக, பெயரையும் சொல்லி. சபை முழுக்கத் தலையைக் குனிந்தது. நோலீன் எழும்பிப் போய்விட்டார்.

சிவப்புத் தொப்பிக்காரர் என்னை வெளியே அழைத்துப் போனார். "நீதானே அவளுக்கு அண்ணன் ஆனாய்" என்றார்.

"ஓம். அதற்கென்ன?"

"எங்கள் வழக்கத்தில் வயது வந்த அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. அதுதான் மரியாதை. அவள் டெரிக்குக்குச் சொன்னதெல்லாம் நீ கேட்கத்தான். நீ வேற்றாள், உன் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கத் தேவையில்லை என்று நாங்கள் அவளிடம் சொன்னோம். அண்ணன் என்றால் அண்ணன்தான் என்றாள்."

"எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

"உனக்குத் தெரியும் என்று நினைத்தோம். உன் அறிக்கையை வாசித்த பிறகுதான் தெரியாது என்று விளங்கியது. நீயாக வந்து கேட்பாய் என்று பார்த்திருந்தோம்."

பத்து மாதமாக அவர் எனக்குக் கொடுத்த மரியாதையை நான் குறை என்று எழுதி வைத்திருக்கிறேன், சரணியா. அதை வாசித்த பிறகும் அவர் அந்த மரியாதையை நிறுத்தவில்லை.

உனக்கு எழுத முகமில்லாமல்தான் இருந்தேன். உன் நேர்முகத்துக்கு இந்தக் கிளினிக்கை ஆதாரம் காட்டு. என்னைக் காட்டாதே.

அண்ணா

*

ஊஸ்டர்
18.11.2012

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. அப்பா நேற்று முதல் தடவையாக எனக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். இவ்வளவு நாளும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு போட்டவர்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

விசா பற்றிய பயத்தை எனக்கு நீங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பதின்மூன்று வயதில் அப்பாவின் பெர்மிட் கடிதங்களை மொழிபெயர்த்தவள் நான். கட்டுநாயக்காவில் கை காட்டியதும் ஞாபகம். விமானத்தில் உங்களுடைய சாப்பாட்டுத் தட்டையும் நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், வருவீர்கள் என்று. உங்களை அந்தப் பக்கம் விட்டவர்கள் செய்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது நோலீன் இல்லை. நீங்கள் கடன் வசூலிப்பது பிழையான ஆளிடம்.

நேர்முகம் முடிந்தது. பேர்னில் இருந்து ஒருவரை எடுத்திருக்கிறார்கள். தமிழரோடு அனுபவம் உண்டா என்று கேட்டேன். இரண்டு தரம் இலங்கைக்குச் சுற்றுலா போயிருக்கிறாராம். தொடக்கக் கூட்டத்தில் வணக்கம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். இன்டர்லாக்கன் வகுப்பு இனி ஏழரை மணிக்கு.

நான் வேலையை விடவில்லை. தவச்செல்வன் அண்ணை சொன்னதை யோசித்தேன். அவருக்கு வேண்டியது வெள்ளைக்காரி இல்லை. வெளியே போகாத வாய். என் லீவு நாளில், சிம்மர்ஸ்டுண்ட நேரத்தில், இன்டர்லாக்கன் போனேன். கோயில் மண்டபம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு பிசியோதெரபிக்காரியின் அறையை வாடகைக்கு எடுத்தேன். ஒரு நேரத்துக்கு ஒரு ஆள். ஒருவர் போகும் கதவு வேறு, அடுத்தவர் வரும் கதவு வேறு. தவச்செல்வன் அண்ணை வந்தார். "அம்மாவுக்குச் சொல்லமாட்டியள்தானே?" "என்ரை அம்மாவுக்கு என்ரை சம்பளமே தெரியாது அண்ணை." சிரித்துவிட்டுக் கையை நீட்டினார். பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மச்சான். இரண்டு பேருக்கும் ஒருவரின் சீனி வருத்தம் மற்றவருக்குத் தெரியாது. என்னால் தெரியவும் வராது.

எனக்குக் கதிரை கிடைக்கவில்லை. உங்களிடம் ஒரு கதிரை இருக்கிறது, அது உங்களுடையது இல்லை. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. செய்தபின் எழுதுங்கள்.

சுகமாக இருங்கள்,
சரணியா

*

16.12.2012

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு சுகம். செய்தபின் எழுது என்றாய். செய்துவிட்டேன்.

கூட்டத்தில் நான் எழுதிய அறிக்கை பிழை என்றும், விளக்கமில்லாமலும் என் விசாவுக்காகவும் எழுதினேன் என்றும் சொன்னேன். நோலீனைத் தலைமையில் வைப்போமா என்று சிவப்புத் தொப்பிக்காரர் கேட்டார். எல்லாரும் கை உயர்த்தினார்கள். ஜனவரி முதல் நோலீன் தலைமை. அவர் எழும்பி, சிறுநீரக அறை ஏன் பிந்துகிறது, யாரை நெருக்க வேண்டும், எந்தக் குடும்பம் சிகிச்சைக்காக நகரத்தில் கிடந்து சீரழிகிறது என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். அவர் பேச நான் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன், அவருக்கு வசதியாக.

என் விசாவுக்கு இனி அவர் கையெழுத்து வேண்டும். கேட்க மாட்டேன். நேரே கேட்பது முறையில்லை. டெரிக்கிடம் சொல்லிக் கேட்டால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும், மறுக்க விரும்பினாலும் அவரால் மறுக்க முடியாமல் போகும். கதிரையைத் தடுத்தவன் அதே ஆளிடம் கையெழுத்துக் கேட்பதா?

ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

உன் இன்டர்லாக்கன் கதவுகளைப் பற்றி இரண்டு தரம் வாசித்தேன்.

அண்ணா

*

ஊஸ்டர்
27.01.2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். இன்று சுகம் கேட்பதோடு உங்களுக்கு ஒரு தகவலும் சேர்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

நேற்று எனக்கு அவுஸ்திரேலிய முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. உங்கள் எழுத்து இல்லை. விலாசம் மிளகாய்த்தூள் பெட்டியில் இருந்து எடுத்ததாம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

"சரணியா, நீ அந்த ஆளின் தங்கச்சி. நானும் அப்படித்தான். ஆகவே நீயும் நானும் சகோதரிகள். உன்னோடு நான் பேசலாம், நீ அவனோடு பேசலாம். இங்கே யாரிடம் சொல்லி அனுப்பினாலும் ஊர் கேட்கும். அவனுக்கு ஏற்கனவே வெட்கம் போதும். நீ தூரத்தில் இருப்பதால் உனக்கு எழுதுகிறேன்.

"அவன் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவனிடம் சொல். என் பிள்ளைகள் அந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அது சுகமாக இருக்கவில்லை. பிறகு அவன் எல்லார் முன்னாலும் தன் வாயால் பிழை என்றான். இங்கே வந்து போன முகாமையாளர்களில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. அதையும் சொல்.

"அவன் பெட்டி கட்டி வைத்திருப்பது சன்னல் வழியாகத் தெரிகிறது. திறந்து உடுப்பை அலுமாரியில் வைக்கச் சொல். விசாக் கடிதத்தில் நான் கையெழுத்து வைத்துவிட்டேன், கணக்கு அறை மேசையின் இடது லாச்சியில் இருக்கிறது. இருப்பதா போவதா என்று அவனே முடிவெடுக்கட்டும். இருந்தால், என் கீழே வேலை செய்வான். சிறுநீரக அறையின் வரவுசெலவு இரண்டு கிழமையாகக் கிடக்கிறது. அதற்கு அவன்தான் வேண்டும். என் முகத்தைப் பார்க்காமலே அதைச் செய்யலாம்.

"தூள் நல்ல காரம். மீனுக்குப் போட்டோம். உன் அம்மாவுக்குச் சொல். நோலீன்."

இவ்வளவுதான் கடிதம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக் கதையும் கேட்டார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டுவிட்டுச் செத்தல் மிளகாய் வாங்கப் போய்விட்டார். மேல்வீட்டுக்காரருக்கு நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணா, இடது லாச்சியைத் திறந்து பாருங்கள். உங்கள் பதிலை அவரிடம் சொல்லாதீர்கள், டெரிக்கிடமும் வேண்டாம். எனக்கு எழுதுங்கள். போக மூன்று கிழமை, வர மூன்று கிழமை எடுத்தாலும் பரவாயில்லை, நான் அவருக்கு எழுதி அனுப்புகிறேன். ஆனால் வரவுசெலவை அதுவரை காக்க வைக்காதீர்கள். உங்கள் தலைவி ஏற்கனவே இரண்டு கிழமை பொறுத்துவிட்டார், இந்தக் கடிதங்கள் வந்து போன கிழமைகள் வேறு.

நாளை எனக்கு லீவு. விடிய ரயிலுக்கு இன்டர்லாக்கன் போகிறேன், இப்போது எட்டுப் பேர் வருகிறார்கள்.

இரண்டு பேருக்கும் தங்கையான, இல்லை, ஒருவருக்குத் தங்கையும் மற்றவருக்குச் சகோதரியுமான,
சரணியா